பெட்ரோல் எங்கே போகிறது?

லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த கார் திடீரென்று 13க்கு இறங்கிவிட்டால், இப்போது எல்லாரும் கைகாட்டுவது எத்தனாலைத்தான். முன்பெல்லாம் பங்க்காரர்தான் மாட்டுவார்.

எத்தனாலால் மைலேஜ் குறையும் என்பது உண்மைதான். பெட்ரோலோடு ஒப்பிட்டால் ஒரு லிட்டர் எத்தனாலில் மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. அப்படியானால் 20 சதவீதக் கலப்பில் 6 முதல் 7 சதவீதம் வரை இழப்பு வரலாம். அதிலும் பாதியை 10 சதவீதக் கலப்பு வந்தபோதே இழந்துவிட்டோம். ஆக, 18 ஓடிய வண்டி 17 ஓடினால் எத்தனாலைத் திட்டலாம். 13 ஓடினால் கோளாறு வண்டியில் இருக்கிறது. இல்லையென்றால் கணக்கில் இருக்கிறது.

கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். 500 ரூபாய்க்கும் 1,000 ரூபாய்க்கும் போட்டுக்கொண்டு, முள்ளைப் பார்த்து மைலேஜ் சொல்வதில் அர்த்தமில்லை. நாசில் தானாக நிற்கும்வரை டேங்க்கை நிரப்பி, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். 300 கிலோமீட்டராவது ஓட்டிவிட்டு, அதே பங்க்கில் அதே மாதிரி நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இரண்டாம் முறை பிடித்த லிட்டரால் வகுத்தால் வருவதுதான் உண்மையான மைலேஜ். டாஷ்போர்டு காட்டும் எண் வண்டியின் கணினி போடும் உத்தேசம் மட்டுமே. பங்க் மீது சந்தேகமா? முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக் கலனில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். அதைக் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை.

ஓட்டும் பாதை மாறியிருக்கிறதா என்பதையும் யோசியுங்கள். சென்னையில் மெட்ரோ பணிக்காக ஆற்காடு சாலையிலும் ஓஎம்ஆரிலும் தடுப்பு வைத்த காலத்தில், எந்தக் கோளாறும் இல்லாத கார்களே மைலேஜை இழந்தன. ஏசி போட்டுக்கொண்டு சிக்னலில் நிற்கும் சின்ன பெட்ரோல் கார் மணிக்கு முக்கால் லிட்டருக்குக் குறையாமல் எரிக்கும்.

இது எதுவும் இல்லையென்றால் சக்கரத்துக்கு வாருங்கள். டயர் காற்றைப் பார்ப்பது நல்லதுதான், ஆனால் அதிலிருந்து அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் சுமார் 0.2 சதவீதம் எரிபொருள் வீணாகிறது என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. நான்கு டயரிலும் பத்து பிஎஸ்ஐ இறங்கினாலும் இழப்பு 2 சதவீதம்தான். பெரிதாகத் தின்பது பிரேக் பிடிப்பு. மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் பேட் டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டிருக்கும். காலிபரின் ஸ்லைடு பின்னில் கிரீஸ் காய்ந்து துரு ஏறினால் இப்படி ஆகும்; மழைநீரில் ஓடிய வண்டிகளில் இது சகஜம். பின் டிரம்மில் ஹேண்ட்பிரேக் கேபிள் சிக்கிக்கொள்வதும் உண்டு.

கண்டுபிடிக்க ஒரு கருவியும் வேண்டாம். காலி ரோட்டில், பிரேக்கை அதிகம் தொடாமல் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். நான்கு வீல்களின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். மூன்று வெதுவெதுப்பாக இருந்து ஒன்று மட்டும் அனலடித்தால் ஆசாமி அகப்பட்டுவிட்டான். அந்த வீலை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றினால் இறுக்கமாகவே சுற்றும். காலிபரின் ஸ்லைடு பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைப்பது பெரிய செலவில்லை. அப்படியே விட்டால் பேட், டிஸ்க் எல்லாம் சேர்ந்து பில் எகிறும்.

அடுத்து எஞ்சின் சூடு. இங்கே நம்மூர் வழக்கம் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வண்டி ஒருமுறை ஹீட் ஆனதும் சில மெக்கானிக்குகள் செய்யும் முதல் வேலை, தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போடுவது. “எடுத்துட்டேன் சார், இனிமே ஹீட்டே ஆகாது” என்று பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான், ஹீட் ஆகாது. ஆக வேண்டிய அளவுக்கும் ஆகாது! அந்த வால்வு சுமார் 82 முதல் 88 டிகிரியில்தான் திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடும். அது இல்லாவிட்டால், அல்லது திறந்தபடியே சிக்கிக்கொண்டால், பைபாஸில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எஞ்சின் குளிர்ந்துகொண்டே இருக்கும். எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று கணினி நினைத்துக்கொண்டு காலையில் ஸ்டார்ட் செய்தபோது ஊற்றியதுபோலவே பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். டெம்பரேச்சர் முள் பாதிக்குக் கீழேயே நின்றாலோ, நீல விளக்கு வெகுநேரம் அணையாமல் இருந்தாலோ இதைச் சந்தேகியுங்கள்.

ஆக்சிஜன் சென்சார் இன்னொரு முக்கியப் புள்ளி. புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளந்து, பெட்ரோல் கூடியதா குறைந்ததா என்று கணினிக்குச் சொல்வது அதுதான். அது தப்பாகச் சொன்னால் கணினியும் தப்பாகவே ஊற்றும். எஞ்சின் விளக்கு எரிந்தால் அசட்டை வேண்டாம். எரியாவிட்டாலும் ஓபிடி ஸ்கேனரில் ஃபியூயல் ட்ரிம் என்ற எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டியோ குறைத்தோ காட்டினால் தேட வேண்டிய இடம் அங்கேதான்.

இதையெல்லாம் பார்க்காமல் “ஏர் ஃபில்டர், பிளக், த்ராட்டில் பாடி கிளீனிங், இன்ஜெக்டர் கிளீனிங், எல்லாம் சேர்த்து 9,000 ரூபாய்” என்று நீட்டப்படும் சீட்டுக்குத் தலையாட்ட வேண்டாம். பிளக் தேய்ந்து எஞ்சின் குலுங்கினால் மாற்றத்தான் வேண்டும். ஏர் ஃபில்டர் கதை வேறு. அது அடைத்தால் மைலேஜ் போகும் என்பது கார்புரேட்டர் காலத்து நியாயம். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009ல் ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்துச் சோதித்தது. கணினி வைத்த கார்களில் வேகம் எடுக்கும் திறன்தான் குறைந்தது. மைலேஜில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றமில்லை. எஞ்சினின் ஆயுளுக்காக ஃபில்டரை மாற்றுங்கள், மைலேஜ் திரும்பும் என்று நம்பி மாற்றாதீர்கள்.

ஒரே நாளில் நான்கு வேலை செய்தால் எது பலித்தது என்று யாருக்கும் தெரியாது. ஒரு வேலை முடிந்ததும் ஒரு டேங்க் ஓட்டி அளந்து பாருங்கள், கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள், அதன் பிறகு அடுத்த வேலைக்குச் சரி என்று சொல்லுங்கள்.