இயன்முறை மருத்துவ இளநிலைப் பட்டப்படிப்பு

இயன்முறை மருத்துவ இளநிலைப் பட்டப்படிப்பு (பி.பி.டி.) என்பது நோய், விபத்து, அறுவை மருத்துவம், முதுமை ஆகியவற்றால் குறைந்துபோன உடலியக்கத்தை மீட்கப் பயிற்றுவிக்கும் மருத்துவம்சார் பட்டப்படிப்பு ஆகும். உடற்பயிற்சி, கைவழிச் சிகிச்சை, வெப்பம், குளிர், மின்னோட்டம் முதலியவை இத்துறையின் கருவிகள். மருந்தும் கத்தியும் இதில் இடம்பெறுவதில்லை. பிசியோதெரபி என்ற பெயரே மக்களிடையே பரவலாக வழங்குகிறது. இலங்கையில் இயன் மருத்துவம் என்ற சொல்லும் காணப்படுகிறது. இக்கட்டுரை பெரும்பாலும் தமிழ்நாட்டில் இப்படிப்பு அமைந்துள்ள முறையை விளக்குகிறது.

தோற்றம்

1894 இல் இலண்டனில் நான்கு செவிலியர் சேர்ந்து உருவாக்கிய பயிற்சிபெற்ற உடல்நீவுநர் கழகமே இன்றைய பிரித்தானிய இயன்முறை மருத்துவக் கழகத்தின் முன்னோடி ஆகும். முதல் உலகப்போரில் உறுப்புகளை இழந்து திரும்பிய வீரர்களும், அடுத்தடுத்துப் பரவிய இளம்பிள்ளைவாதமும் இத்துறையை வளர்த்தன. உலகக் கூட்டமைப்பு 1951 இல் தோன்றியது. இந்தியாவில் 1950களின் தொடக்கத்தில் உலக நலவாழ்வு அமைப்பின் உதவியுடன் மும்பையில் முதல் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. இந்திய இயன்முறை மருத்துவர் சங்கம் 1955 இல் அமைந்தது.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பங்கு குறிப்பிடத்தக்கது. தொழுநோயால் விரல்கள் மடங்கிப்போனவர்களுக்கு அங்கே பால் பிராண்டு தசைநாண் இடமாற்ற அறுவை மருத்துவம் செய்துவந்தார். வேறொரு பணியைச் செய்துவந்த தசைநாணை எடுத்துப் புதிய இடத்தில் தைத்துவிட்டால் மட்டும் கை இயங்கிவிடாது. அத்தசைக்குப் புதிய வேலையை மூளை கற்றுக்கொள்ள வேண்டும். அதற்குப் பல வாரப் பயிற்சி தேவைப்படுகிறது. அறுவை மருத்துவர் முடிக்கும் இடத்தில் இயன்முறை மருத்துவர் தொடங்குகிறார் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

சேர்க்கையும் காலமும்

பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் (அல்லது தாவரவியலும் விலங்கியலும்) பயின்றவர்கள் இப்படிப்பில் சேரலாம். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் இது நான்கு ஆண்டு வகுப்பும் ஆறு மாத உள்ளிருப்புப் பயிற்சியுமாக நெடுங்காலம் நடந்துவந்தது. மாநில ஒதுக்கீட்டு இடங்கள் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் அடிப்படையில் கலந்தாய்வு மூலம் நிரப்பப்பட்டு வந்தன. 2025 இல் தேசிய ஆணையம் வெளியிட்ட பாடத்திட்டம் ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சியுடன் ஐந்து ஆண்டு கால அளவை வகுத்துள்ளது. விதிகள் மாறிவரும் காலமாதலால், சேர விரும்புவோர் முந்தைய ஆண்டு மாணவர்களின் சொல்லை நம்பாமல் அந்தந்த ஆண்டின் அரசு அறிவிப்பைப் படிப்பது நல்லது.

பாடங்கள்

முதலாண்டில் உடற்கூற்றியல், உடலியங்கியல், உயிர்வேதியியல், உளவியல் ஆகியவை இடம்பெறும். இவற்றுள் உடற்கூற்றியலே மாணவர்களை அதிகம் திணறவைக்கிறது. ஒவ்வொரு தசையும் எந்த எலும்பில் தொடங்கி எதில் முடிகிறது, எந்த நரம்பு அதை இயக்குகிறது, சுருங்கினால் மூட்டு எப்பக்கம் அசைகிறது என்பவற்றை மனத்தில் இருத்த வேண்டும். இதை மனப்பாடமாகக் கருதுவது தவறு. தொடங்கும் இடமும் முடியும் இடமும் தெரிந்தால், தசை என்ன செய்யும் என்பதைக் கயிறு கட்டிய கதவைப்போல ஊகித்துவிடலாம்.

இரண்டாமாண்டு முதல் உடலியக்கவியல், உடற்பயிற்சிச் சிகிச்சை, மின்சிகிச்சை, நோயியல், மருந்தியல் முதலியவை வருகின்றன. பின்னைய ஆண்டுகளில் எலும்பு, நரம்பு, இதயம், நுரையீரல் ஆகியவற்றின் நோய்களும் அவற்றுக்கான சிகிச்சை முறைகளும், சமூக மறுவாழ்வும், ஆய்வு முறைகளும் கற்பிக்கப்படுகின்றன. எந்தப் பாடம் எந்த ஆண்டில் வரும் என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும்.

உடலியக்கவியல் என்பது பள்ளி இயற்பியலில் படித்த நெம்புகோல் தத்துவத்தை உடலுக்குப் பொருத்துவதாகும். உயிரியல் பிடித்ததால் சேர்ந்த மாணவர் பலர் இங்கே இயற்பியலை மீண்டும் சந்திக்கின்றனர். எடுத்துக்காட்டாக, 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒற்றைக்காலில் நிற்பதாகக் கொள்வோம். ஊன்றிய கால் நீங்கலாக ஏறத்தாழ 50 கிலோ எடை இடுப்பு மூட்டின் மேல் தங்குகிறது. இந்த எடை மூட்டிலிருந்து சுமார் 10 செ.மீ. தள்ளிச் செயற்படுகிறது. அதைச் சமன்செய்யும் இடுப்புப் பக்கத் தசைகளோ மூட்டிலிருந்து சுமார் 5 செ.மீ. தொலைவிலேயே உள்ளன. எனவே தசைகள் 100 கிலோ எடைக்கு ஈடான விசையைத் தர வேண்டும். மூட்டின் மேல் விழும் மொத்தச் சுமை 150 கிலோ. அவர் எதிர்ப்பக்கக் கையில் ஒரு கைத்தடியைப் பிடித்து வெறும் 5 கிலோ அளவுக்கு ஊன்றினால், தடி மூட்டிலிருந்து 50 செ.மீ. தள்ளியிருப்பதாகக் கொண்டால், தசை விசை 50 கிலோவாகவும் மூட்டுச் சுமை 95 கிலோவாகவும் குறைகின்றன. வலிக்கும் பக்கத்துக் கையிலேயே தடியைப் பிடித்தால் இந்த நன்மை கிட்டுவதில்லை. வீட்டில் இடுப்பு வலியுள்ள முதியவர் எந்தக் கையில் தடி பிடிக்கிறார் என்று வாசகர் கவனிக்கலாம்.

அளவிடுதல்

சிகிச்சைக்கு முன் அளவிட வேண்டும் என்பது இப்படிப்பு ஊட்டும் முதற் பழக்கம். மூட்டு மடங்கும் கோணம் கோணமானியால் பாகையில் அளக்கப்படுகிறது. தசை வலு 0 முதல் 5 வரை தரமிடப்படுகிறது. அசைவே இல்லையெனில் 0. சுருக்கம் கையால் தொட்டு உணரப்பட்டால் 1. புவியீர்ப்பை நீக்கிய நிலையில் முழு அசைவு இருந்தால் 2. புவியீர்ப்பை எதிர்த்து முழு அசைவு இருந்தால் 3. ஓரளவு எதிர்ப்பைத் தாங்கினால் 4. இயல்பான வலு 5. இதில் 2 ஆம் தரத்தையும் 3 ஆம் தரத்தையும் பிரிப்பதே நுட்பம். உட்கார்ந்த நிலையில் முழங்காலை நீட்ட முடியாதவரை ஒருக்களித்துப் படுக்கவைத்துச் சோதித்தால் கால் நீளக்கூடும். அதைச் செய்யாமல் அசைவில்லை என்று எழுதிவிட்டால், மீளத் தொடங்கியிருக்கும் தசை கவனிப்பின்றிப் போகும்.

மின்சிகிச்சை

27.12 மெகாஎர்ட்சு அதிர்வெண்ணில் இயங்கும் சிற்றலை வெப்பக் கருவி, 1 அல்லது 3 மெகாஎர்ட்சு மீயொலிக் கருவி, தோல்வழி நரம்புத் தூண்டி ஆகியன இங்கே கற்பிக்கப்படுகின்றன. மூன்றாவது கருவி வலியைக் குறைப்பதை விளக்க, மெல்சாக்கும் வாலும் 1965 இல் முன்வைத்த வாயில் கோட்பாடு பயன்படுகிறது. தொடுவுணர்வு நரம்புகளைத் தூண்டினால், தண்டுவடத்தில் வலிச் செய்தி கடந்துசெல்லும் வழி அடைபடுகிறது என்பது அதன் சாரம். இடித்துக்கொண்ட இடத்தை நாம் உடனே தேய்ப்பதும் இதனால்தான்.

ஆயினும் இக்கருவிகள் அனைத்துக்கும் ஒரே அளவான சான்று கிடையாது. பல தசை, மூட்டு வலிகளில் மீயொலியின் பயன் ஐயத்துக்குரியதாகவே ஆய்வுகளில் தெரிகிறது. உடற்பயிற்சிக்கான சான்று அதைவிட வலுவானது. கருவியைப் பொருத்திவிட்டு நகர்வது எளிது, பயிற்சியைச் சொல்லிக்கொடுத்துச் செய்யவைப்பது கடினம் என்பதால் நடைமுறை சில இடங்களில் இதற்கு மாறாக உள்ளது. எவருக்குக் கூடாது என்பதும் தேர்வில் தவறாமல் கேட்கப்படும். இதய முடுக்கி பொருத்தியவருக்குச் சிற்றலை வெப்பம் தரக்கூடாது.

மருத்துவமனைப் பயிற்சி

மாணவர்கள் எலும்பு, நரம்பு, தீவிர சிகிச்சை, தீப்புண் பிரிவுகளில் சுழற்சி முறையில் பணியாற்றுகின்றனர். பக்கவாதம் வந்தவரைத் தூக்கும்போது செயலிழந்த கையைப் பிடித்து இழுக்கக்கூடாது என்பது முதலில் சொல்லப்படும் எச்சரிக்கைகளுள் ஒன்று. தசைகளின் பிடிப்பு தளர்ந்த தோள்மூட்டு நழுவிவிடும். இதை நோயாளியின் உறவினருக்கும் சொல்லிக்கொடுப்பது மாணவரின் கடமை, ஏனெனில் வீட்டில் தூக்கப்போவது அவர்களே.

தீப்புண் பிரிவு மனத்துக்குக் கடினமானது. கழுத்தின் முன்பக்கம் வெந்தவர் தலையணை கேட்பார். கழுத்தைச் சற்று மடக்கி வைத்தால் வலி குறையும். ஆனால் அந்த நிலையிலேயே தோல் ஆறினால் சுருங்கி, தாடை மார்போடு இழுபட்டுவிடும். எனவே தலையணை தரப்படுவதில்லை. நோயாளிக்கு இதமான நிலையே ஊனத்துக்கு இட்டுச்செல்லும் நிலையாக இருப்பதைப் புரிந்துகொண்டு, கேட்பவரிடம் பொறுமையாக மறுக்கப் பழக வேண்டியுள்ளது.

பயிற்றுமொழி

பாடநூல்களும் தேர்வுகளும் ஆங்கிலத்தில் உள்ளன. நோயாளிகள் தமிழில் பேசுகின்றனர். தமிழ்வழியில் பள்ளிப்படிப்பை முடித்தவர்களுக்கு முதலாண்டு சுமையாக இருப்பது உண்மை. மருத்துவமனையில் நிலைமை மாறுகிறது. குத்துகிறது, கடுக்கிறது, உளைகிறது, எரிகிறது, மரத்துப்போகிறது, விண்விண் என்று தெறிக்கிறது என்று நோயாளிகள் சொல்வன வெறும் சொல்லழகு அல்ல. எரிச்சலும் மரத்துப்போதலும் நரம்புக் கோளாற்றை நோக்கிச் சுட்டக்கூடும், உளைச்சல் தசை அல்லது மூட்டை நோக்கிச் சுட்டக்கூடும். எல்லாவற்றையும் வலி என்ற ஒரே சொல்லில் குறித்துக்கொள்பவர் பாதித் தகவலை இழந்துவிடுகிறார்.

சட்டநிலை

மருத்துவர், செவிலியர், பல் மருத்துவர் ஆகியோருக்கு இருந்ததுபோன்ற தேசிய அளவிலான ஒழுங்குமுறை அமைப்பு இத்துறைக்கு நெடுங்காலம் இல்லை. தில்லி, மகாராட்டிரம் போன்ற சில மாநிலங்கள் தனிச் சட்டம் இயற்றின. நாடளாவிய தேசிய துணைமருத்துவ, நலவாழ்வுத் தொழில்கள் ஆணையச் சட்டம் 2021 இல் நிறைவேறியது. பெயருக்கு முன் டாக்டர் என்று இடுவது பற்றிய சச்சரவு இன்னும் ஓயவில்லை. 2025 செப்டம்பர் 9 அன்று மத்திய நலவாழ்வுப் பணிகள் தலைமை இயக்குநரகம் அதற்கு எதிராக ஒரு கடிதம் வெளியிட்டு, மறுநாளே அதைத் திரும்பப் பெற்றது. மாணவருக்கு இதைவிட முதன்மையான கேள்வி வேறு: சேரும் கல்லூரிக்குப் பல்கலைக்கழக இணைப்பு உள்ளதா, பயிற்சிக்குப் போதிய நோயாளிகள் வரும் மருத்துவமனை உள்ளதா என்பதே அது. சில மாதச் சான்றிதழ் வகுப்புகள் இப்பட்டத்துக்கு ஈடாகா.

பட்டத்துக்குப் பின்

மருத்துவமனை, விளையாட்டு அணி, சிறப்புக் குழந்தைகள் பள்ளி, முதியோர் இல்லம், வீட்டுச் சேவை, சொந்தச் சிகிச்சையகம் ஆகியன பணியிடங்கள். தனியார் இடங்களில் தொடக்க ஊதியம் பெரும்பாலும் குறைவு. எனவே பலர் எலும்பியல், நரம்பியல், விளையாட்டு மருத்துவம் முதலிய பிரிவுகளில் இரண்டாண்டு முதுநிலைப் படிப்பை (எம்.பி.டி.) நாடுகின்றனர். வெளிநாடு செல்வோருக்குத் தனி நடைமுறைகள் உண்டு. பிரித்தானியாவில் அந்நாட்டுத் தொழிற்குழுவில் பதிவு செய்ய வேண்டும். அமெரிக்காவில் இத்துறையின் நுழைவுநிலைப் பட்டமே முனைவர் நிலையில் இருப்பதால், இந்தியப் பட்டத்தை மதிப்பீட்டுக்கு அனுப்பி, குறைபடும் பாடங்களை ஈடுசெய்து, உரிமத் தேர்வையும் எழுத வேண்டியுள்ளது.