வந்ததற்கு ஒரு ஸர்ட்டிஃபிகேட்!

இத்தாலியில், சியேனா நகரத்தில் ஒரு தொப்பிக் கடை. கடைக்காரர் முழு வழுக்கை. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, மனப்பாடம் செய்து வைத்திருந்த இத்தாலியனில், ‘‘எனக்கு ஒரு கபெல்லோ வேண்டும்’’ என்றேன்.

அவர் தன் தலையைத் தடவிக்கொண்டார். ‘‘எனக்கும்தான் வேணும்!’’ என்றார்.

கப்பெல்லோ என்றால் தொப்பி. கபெல்லோ என்றால் தலைமுடி. ஒரே ஒரு ‘ப்’ செய்த வேலை. கனிக்கும் கன்னிக்கும் வித்தியாசம் தெரிந்த தமிழனுக்கு இதெல்லாம் ஜுஜுபி. யாராவது ஒருத்தர் முதல் நாளே சொல்லித் தந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நாலு வாரம் பணம் கட்டி ஸ்கூலுக்குப் போயிருந்தேன். ஒருத்தரும் சொல்லவில்லை!

எனக்கு ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் வேலை. பர்ச்சேஸ் செக்‌ஷன். தோல் பதனிடும் மெஷின்கள் சிலவற்றை இத்தாலியில் சாந்த்தா க்ரோச்செ என்ற ஊரிலிருந்து வரவழைக்கிறோம். நம்ம வாணியம்பாடி, ஆம்பூர் மாதிரி அதுவும் தோலுக்குப் பேர்போன ஊர். மெஷினை விற்கிற ஆசாமி இங்கிலீஷில் குழைவார். மெஷின் படுத்துவிட்டால் போனை எடுக்கிற மெக்கானிக்குக்கு இத்தாலியன் மட்டும்தான் தெரியும்.

முதலாளி கூப்பிட்டார். ‘‘ஒரு வருஷமா ராத்திரியில உக்காந்து என்னமோ இத்தாலியன் படிக்கிறியாமே? அங்கேயே போய் ஒழுங்காக் கத்துக்கிட்டு வாப்பா. பி1 பரீட்சை பாஸ் பண்ணிட்டு வந்தா இம்போர்ட் செக்‌ஷன் உனக்கு. டிக்கெட் என்னுது, ஃபீஸ் உன்னுது.’’

ஃபீஸுக்கு அக்காவின் ஆறு வளையல்களில் நாலு பாங்குக்குப் போனது. ‘‘மீட்டுக் குடுத்துடுவேல்ல?’’ என்று மட்டும் கேட்டாள்.

பி1 என்பது என்ன? ஐரோப்பிய கவுன்ஸில் 2001-ல் மொழியறிவை ஆறு படிகளாகப் பிரித்து வைத்தது. ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2. ஏ1-ல் பெயர், ஊர் சொல்லிக் காப்பி வாங்கலாம். பி1 வந்தால் அடுத்தவர் உதவியில்லாமல் அன்றாடக் காரியங்களைப் பேசிச் சமாளிக்கலாம். இத்தாலியக் குடியுரிமை கேட்பவர்களுக்குக்கூட 2018-லிருந்து பி1 வேண்டும். இப்படித் தேவை இருப்பதால், பாஷை சொல்லித்தர போர்டு மாட்டுகிறவர்களும் நிறைய. போர்டு எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது.

அப்படி ஓர் அழகான போர்டைப் பார்த்துத்தான் விழுந்தேன். ஊர், பேர் வேண்டாம். பத்து வாரத்துக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்றார்கள். கட்டினேன். பணத்தை எண்ணினார்கள், க்ளாஸுக்கு அனுப்பினார்கள். எனக்கு என்ன தெரியும், தெரியாது என்று யாரும் கேட்கவில்லை.

க்ளாஸில் பத்தொன்பது பேர். பாட்டி இத்தாலியக்காரி என்பதால் சரளமாகப் பொழிகிற பிரேஸில் பையன். ஆப்பரா பாட வந்த கொரியாப் பெண். அவளுக்குக் காதலும் மரணமும் சொல்லத் தெரியும், பஸ் டிக்கெட் கேட்கத் தெரியாது. பொழுது போகாத ஒரு ஸ்விஸ் தாத்தா. ஓரத்தில் நான். எல்லோருக்கும் ஒரே பாடம்! வாரத்துக்கு ஒரு டீச்சர் மாறினார். மூன்றாவது வாரம் வந்தவரை எங்கோ பார்த்த ஞாபகம். யோசித்தேன். ரிசப்ஷனில் பணம் வாங்கியவர்!

நாம் என்ன சொன்னாலும் ‘‘ப்ராவோ!’’ என்பார்கள். கேட்க சுகமாக இருந்தது.

நாலாவது வாரக் கடைசியில் தங்க பார்டர் போட்டு ஒரு ஸர்ட்டிஃபிகேட் தந்தார்கள். பெருமையாகப் படம் எடுத்து முதலாளிக்கு அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் போன். ‘‘மொழிபெயர்த்துப் பார்த்தேம்ப்பா. இதுல நீ க்ளாஸுக்கு வந்தேன்னுதான் போட்டிருக்கு. கத்துக்கிட்டேன்னு எங்கே போட்டிருக்கு?’’

எங்கேயும் போடவில்லை. அது வருகைச் சான்றிதழ். நாற்காலிக்கும் அதைத் தரலாம். அதுவும் நாலு வாரம் அங்கேதான் இருந்தது.

மீதி ஆறு வாரப் பணத்தைக் கேட்டேன். ரசீதின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்கள். எறும்பு சைஸ் எழுத்தில், ‘எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது’. அன்று ராத்திரி அக்காவிடம் பேசினேன். திட்டவில்லை. மிச்சமிருந்த இரண்டையும் கழற்றினாள்.

சியேனாவுக்கு ரயில் ஏறினேன். தொப்பிக் கடை சம்பவம் அங்கே இறங்கிய அன்றைக்குத்தான் நடந்தது. மறுநாள் ஒரு சின்ன ஸ்கூலுக்குப் போனேன். பணத்தை நீட்டினேன். அந்த அம்மாள் வாங்கவில்லை. ‘‘முதலில் உட்காருங்கள்’’ என்று ஒரு டெஸ்ட் பேப்பர் தந்தார். பிறகு பேச்சு. வயதைக் கேட்டார். இத்தாலியனில் ‘எனக்கு 29 வருடங்கள் இருக்கின்றன’ என்று சொல்வது வழக்கம். சொன்னேன்.

அவர் ‘ப்ராவோ’ சொல்லவில்லை. போர்டில் இரண்டு வார்த்தை எழுதினார். ‘அன்னி’ என்றால் வருடங்கள். ஒரு ‘ன்’ குறைந்து ‘அனி’ என்றால், உட்காரும்போது நாற்காலியில் படுகிற பக்கத்தில் உள்ள ஒரு சமாச்சாரம். எனக்கு அது 29 இருப்பதாக நாலு வாரமாக ஊர் பூராவும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்!

ரிஸல்ட்: படிப்பதில் ஏ2, பேசுவதில் ஏ1. வலித்தது. ஆனால் அந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் உண்மை அதுதான்.

என் வளையல் கணக்கில் நான் கற்றதை உங்களுக்கு இனாமாகத் தருகிறேன். இத்தாலியனோ ஜெர்மனோ, சேருமுன் இவற்றைக் கேளுங்கள்.

1. சேர்க்கும் முன் டெஸ்ட் உண்டா? உங்கள் நிலை தெரியாமல் எந்த க்ளாஸில் உட்கார வைப்பார்கள்?

2. க்ளாஸில் அதிகபட்சம் எத்தனை பேர்? வாயால் சொன்னால் போதாது. எழுத்தில் வேண்டும்.

3. டீச்சருக்கு என்ன தகுதி? தாய்மொழி என்பது மட்டும் தகுதி ஆகாது. எனக்குத் தமிழ் தாய்மொழி. ‘வா’ எப்படி ‘வந்தான்’ ஆனது என்று ஒரு ஜப்பான்காரர் கேட்டால் முழிப்பேன். வெளிநாட்டவருக்கு இத்தாலியன் கற்பிப்பவர்களுக்கென்றே சியேனாவின் வெளிநாட்டினர் பல்கலைக்கழகம் ‘டித்தால்ஸ்’ என்ற சான்றிதழ் தருகிறது. அது போல ஏதாவது இருக்கிறதா?

4. பாதியில் நின்றால் பணம் என்ன ஆகும்? ரசீதின் பின்பக்கத்தை முதலில் படியுங்கள்.

5. வெளியிலிருந்து யாராவது வந்து சோதிக்கிறார்களா? 1991-ல் தொடங்கிய ‘ஈக்வல்ஸ்’ என்ற அமைப்பு ஐரோப்பாவின் மொழிப் பள்ளிகளுக்கு இன்ஸ்பெக்டர்களை அனுப்பி, பாடம் நடக்கும்போதே உட்கார்ந்து பார்த்து அங்கீகாரம் தருகிறது. இத்தாலியன் ஸ்கூல்களுக்கென்றே ‘அஸில்ஸ்’ என்ற சங்கமும் உண்டு. முத்திரையை ஸ்கூல் சுவரில் பார்க்காதீர்கள். சங்கத்தின் பட்டியலில் பெயர் இருக்கிறதா பாருங்கள். சுவரில் எதை வேண்டுமானாலும் ஒட்டலாம்.

6. கடைசியில் என்ன சான்றிதழ்? இத்தாலிய அரசு ஏற்கும் முக்கியமான தேர்வுகள் நாலு. சியேனா, பெருஜா, ரோமா த்ரே பல்கலைக்கழகங்கள் நடத்துபவை மூன்று. 1889-ல் பிறந்த தாந்தே அலிகியேரி சங்கம் நடத்துவது ஒன்று. பாடம் நடத்துகிற ஸ்கூலே மார்க்கும் போட்டுக்கொள்ள முடியாது என்பதுதான் இதில் விசேஷம்.

அந்த அம்மாள் அன்றே சியேனா பல்கலைக்கழகத்தின் ‘சில்ஸ்’ பி1 தேர்வுக்கு என் பெயரைப் பதிய வைத்தார். கேட்பது, படிப்பது, இலக்கணம், எழுதுவது, பேசுவது என்று ஐந்து பிரிவு. ஒவ்வொன்றும் 20 மார்க். ஒவ்வொன்றிலும் 11 வாங்கியாக வேண்டும். ஒன்றில் கொட்டி இன்னொன்றில் அள்ள முடியாது. ஆறு வாரம், எட்டுப் பேர் க்ளாஸ், தினமும் திருத்தல். ‘ப்ராவோ’ மொத்தம் மூன்று தடவைதான் கேட்டேன். மூன்றும் நான் சம்பாதித்தது.

ஜூனில் பரீட்சை முடிந்ததும் நேராகத் தொப்பிக் கடைக்குப் போனேன். ‘‘கப்ப்பெல்லோ’’ என்றேன், அழுத்தி. கடைக்காரர் தொப்பியை எடுத்துக் கொடுத்தார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

பேசுவதில் 13. மற்றதெல்லாம் அதற்கு மேலே. பாஸ்! இப்போது இம்போர்ட் செக்‌ஷனில் இருக்கிறேன். மெக்கானிக் திட்டுவதுகூடப் புரிகிறது.

ஸர்ட்டிஃபிகேட்டை அக்காவிடம் காட்டினேன்.

‘‘இதுல என்னடா போட்டிருக்கு?’’

‘‘கத்துக்கிட்டேன்னு போட்டிருக்குக்கா.’’

திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கையில் வளையல் சத்தம் கேட்டது. நாலு மீட்டாச்சு.

‘‘ரெண்டு பாக்கின்னு போடலியே!’’ என்றாள்.