ஃபுட்பாத்தில் படுத்திருக்கும் பாட்டியை யார் பார்ப்பது?

மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் ஒரு பாட்டி ஃபுட்பாத்தில் படுத்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். வயது எழுபதுக்கு மேல். ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஒரு காலத்தில் தாராவியில் குடியிருந்தவள். இப்போது வீடும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. அவள் தலை சாய்க்க ஓர் இடம் வேண்டும். அதைக் கொடுக்க வேண்டியது யார்?

மாநகராட்சி. முனிசிபாலிட்டி என்றும், பி.எம்.சி. என்றும் மக்கள் சொல்வது இதைத்தான்.

2010-ல் உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு தங்குமிடம் இருக்க வேண்டும். அது இரவும் பகலும் திறந்திருக்க வேண்டும். 2011 கணக்குப்படி மும்பையின் மக்கள் தொகை சுமார் 1 கோடியே 24 லட்சம். அப்படியானால் எத்தனை தங்குமிடம் வேண்டும்? 124. அத்தனை இன்னும் வரவில்லை.

இருக்கிற தங்குமிடங்களையும் பெரும்பாலும் மாநகராட்சி தானே நடத்துவதில்லை. தொண்டு நிறுவனங்களிடம் ஒப்படைக்கிறது.

ஒரு வீட்டில் கல்யாணம். சமையலை ஓர் ஆளிடம் விடுகிறார்கள். எத்தனை இலை, என்ன பதார்த்தம், எவ்வளவு பணம் என்று முதலிலேயே பேசிக்கொள்கிறார்கள். இதுவும் அப்படித்தான். என்ன வேலை வேண்டும் என்று மாநகராட்சி எழுதுகிறது. விளம்பரம் கொடுக்கிறது. நிறுவனங்கள் மனுப் போடுகின்றன. அவற்றின் பதிவு, வரவு செலவுக் கணக்கு, முன் அனுபவம் எல்லாம் பார்க்கப்படும். பிறகு ஒப்பந்தம். பெரிய தொகை என்றால் ஸ்டாண்டிங் கமிட்டியின் சம்மதமும் வேண்டும். அந்தக் கமிட்டியில் இருப்பவர்கள் கார்ப்பரேட்டர்கள். அவர்கள் உங்கள் ஓட்டில் வந்தவர்கள்.

கல்யாணத்தில் வந்தவர் பசியோடு போனால் சமையல்காரருக்கு மட்டுமா கெட்ட பெயர்? வீட்டுக்காரருக்கும்தானே! வேலையை வெளியே கொடுத்தாலும் பொறுப்பு மாநகராட்சியை விட்டுப் போகாது.

பணம் எவ்வளவு? 2013-ல் மத்திய அரசு ஒரு திட்டத்துக்கு விதி எழுதியது. ஒரு தங்குமிடத்தில் 50 பேர். ஆளுக்கு 50 சதுர அடி இடம். நடத்தும் செலவு ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய். கேட்க நிறையத்தான் இருக்கிறது. வகுத்துப் பாருங்கள். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 33 ரூபாய். இன்று ஒரு வடாபாவும் ஒரு டீயும் வாங்கினால் அது தீர்ந்துவிடும். இதற்குள் காவலாள், விளக்கு, துப்புரவு எல்லாம் நடக்க வேண்டும். படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டிக்கு உதவ ஓர் ஆள் வேண்டுமென்றால்? இந்தப் பணம் போதாது.

இங்கிலாந்தில் 2014-ல் ஒரு சட்டம் வந்தது. உதவி தேவைப்படும் பெரியவர் யாராக இருந்தாலும், அவருக்கு என்ன தேவை என்று உள்ளாட்சி கேட்டு எழுத வேண்டும். பிறகு அந்த உதவியைக் கம்பெனிகளிடமோ தொண்டு நிறுவனங்களிடமோ விலைக்கு வாங்குகிறது. வீட்டுக்கே ஆள் வந்து குளிப்பாட்டி விடுவதும் உண்டு. நம் நாட்டில் 2007-ல் வந்த சட்டம் முதியோரைக் காக்கும் கடமையைப் பிள்ளைகள் மேல் வைத்தது. பிள்ளை இல்லாதவருக்கு? சொத்தை அடையப் போகும் உறவினர் பார்க்க வேண்டும் என்கிறது. பாட்டியிடம் சொத்து ஏது?

தங்குமிடத்துக்கு வரச் சிலர் பயப்படுவார்கள். செம்பூரில் பிச்சைக்காரர் இல்லம் இருக்கிறது. 1959-ஆம் ஆண்டுச் சட்டப்படி பிடிபட்டவர்களை நீதிமன்றம் அங்கே அனுப்பும். அதை நடத்துவது மாநில அரசு. தங்குமிடம் வேறு. அங்கே யாரையும் அடைத்து வைக்கக் கூடாது. விரும்பினால் வரலாம், விரும்பினால் போகலாம்.

எங்கே கேட்பது? தாராவி ஜி வடக்கு வார்டில் இருக்கிறது. அதன் ஆபீஸ் தாதரில். மாட்டுங்கா கிழக்குக்கு எஃப் வடக்கு வார்டு. செம்பூருக்கு எம் மேற்கு. தங்குமிடம் எங்கே இருக்கிறது, யார் நடத்துகிறார்கள், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது, எவ்வளவு பணம் கொடுக்கப்பட்டது என்று அங்கே கேட்கலாம். வாயால் கேட்டுப் பதில் வராவிட்டால் 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு அதுவும் இல்லை. 30 நாளில் பதில் தர வேண்டும். மனு மராத்தி, இந்தி, ஆங்கிலம் இவற்றில் ஒன்றில் இருக்க வேண்டும். தமிழில் எழுத முடியாதது ஒரு குறைதான். ஆனால் எழுத முடியாதவர் வாயால் சொன்னால், அதை எழுத்தில் கொண்டுவர அந்த அதிகாரி உதவ வேண்டும். இதுவும் அதே சட்டத்தில் இருக்கிறது.