முளைத்து வரும் கால்

போன வாரம் ஆமை ஓட்டின் விரிசலில் நின்றது தொடர். அந்த ஓடு கூட வருடக்கணக்கில் ஆகும், கூடினாலும் வடு நிற்கும். இந்த வாரத்துப் பிராணிக்கு வடு என்பதே கிடையாது. காலே போனாலும் எலும்பு, தசை, நரம்பு, ரத்தக்குழாய், விரல் என ஒன்று விடாமல் திரும்ப வளர்த்துக்கொள்ளும்.

பெயர் நியூட். பார்க்கப் பல்லிச் சாயல், உறவு தவளையோடு. செதில் இல்லாத ஈரத் தோல். வீட்டுத் தொட்டிகளில் அதிகம் வளர்வது ஜப்பானின் செவ்வயிற்று நியூட். ஹோன்ஷு, ஷிகோகு, கியூஷு தீவுகளின் நெல்வயல்களிலும் குட்டைகளிலும் வாழ்வது. முதுகு கறுப்பு, திருப்பிப் பார்த்தால் வயிறு நெருப்புச் சிவப்பு. அந்தச் சிவப்பு ஓர் எச்சரிக்கை. பேத்தை மீனில் இருக்கும் டெட்ரோடோடாக்சின் நஞ்சு இதன் தோலிலும் உண்டு.

நம் வீட்டுப் பல்லியும் வாலை விட்டுவிட்டு வளர்த்துக்கொள்கிறதே என்று தோன்றும். பல்லிக்குத் திரும்பி வருவது வால் போன்ற ஒன்றுதான். உள்ளே முள்ளெலும்பு இருக்காது, குருத்தெலும்புக் குழல் ஒன்று மட்டும் ஓடும். கால் போனால் பல்லிக்குப் போனதுதான். நியூட்டும் அதன் உறவான சாலமாண்டர்களும் காலையே முளைக்கவைப்பதை 1768-லேயே எழுதிவைத்தவர் இத்தாலியப் பாதிரியாரும் ஆய்வாளருமான லாசரோ ஸ்பலன்சானி.

தொட்டியில் வளரும் நியூட்டுக்குக் கால் போவது பெரும்பாலும் சாப்பாட்டு நேரத்தில். வாசனையும் அசைவும்தான் இதற்கு வழிகாட்டி. புழு விழுந்ததும் எல்லாம் ஒன்றாகப் பாயும். அந்தத் தள்ளுமுள்ளில் எது அசைந்தாலும் கவ்விவிடும். கவ்வியது பக்கத்து நியூட்டின் கால் என்றால் விடாமல் பிடித்துத் திருகும். சில நேரம் பாதத்தோடு போகும், சில நேரம் முழங்கை வரை.

முதல் வேலை, காயம்பட்டதைத் தனியே பிரிப்பது. சாதாரண பிளாஸ்டிக் டப்பா போதும். கூழாங்கல் வேண்டாம், காயத்தில் உரசும், அழுக்கையும் சேர்த்துவைக்கும். மூன்று காலோடு எழும்பி மூச்சுவிட வேண்டும் என்பதால் தண்ணீர் ஆழமாக இருக்கக் கூடாது. ஏறி உட்கார ஈரப் பாசி கொஞ்சம் போடலாம். தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்துவைத்தால் குளோரின் போகும், குளோராமின் போகாது. அதற்கு மீன்தொட்டிக் கடைகளில் விற்கும் குளோரின் நீக்கியைக் கலந்தாக வேண்டும். வெப்பம் 18 முதல் 20 டிகிரி செல்சியஸ் இருப்பது நல்லது. 25-ஐத் தாண்டினால் உடம்பு தளரும், பூஞ்சைக்கும் கிருமிக்கும் கொண்டாட்டம்.

இரண்டாவது வேலைதான் கடினம். கையைக் கட்டிக்கொண்டு இருப்பது.

காயத்தைப் பார்த்ததும் மருந்துப் பெட்டியைத் திறக்கத் தோன்றும். மனிதர்களுக்கான கிருமிநாசினியும் களிம்பும் இதற்கு ஆகாது. இந்தத் தோல் மூச்சுவிடும் தோல். மேலே படுவதெல்லாம் உள்ளே இறங்கும். வலி மரக்கச் செய்யும் களிம்புகளில் இருக்கும் பென்சோகெய்னைக் கால்நடை மருத்துவர்கள் தவளை, சாலமாண்டர்களுக்கு மயக்க மருந்தாகவே பயன்படுத்துகிறார்கள். அளவு மீறினால் மயக்கம் தெளியாது. வைட்டமின் சொட்டைத் தண்ணீரில் விடுவதும் வேண்டாத வேலை. 1982-ல் லண்டனில் மால்கம் மேடன், மணிக்கட்டில் வெட்டுப்பட்ட ஆக்ஸலாட்டல் என்ற சாலமாண்டர்களை வைட்டமின் ஏ கலந்த நீரில் விட்டுப் பார்த்தார். உள்ளங்கையும் விரல்களும் மட்டும் முளைக்க வேண்டிய இடத்திலிருந்து தோள் முதல் விரல் வரை ஒரு முழுக் கை நீண்டது. எந்த இடத்தில் வெட்டுப்பட்டோம், எவ்வளவு வளர வேண்டும் என்று அந்தச் செல்களுக்கு இருக்கும் கணக்கை அந்த மருந்து குலைத்துவிட்டது.

காயத்துக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால் பொறுமை தானாக வரும். ரத்தம் நின்றதும் சுற்றியுள்ள மேல்தோல் செல்கள் வெட்டுவாயை நோக்கி நகர்ந்து, ஏறக்குறைய ஒரு நாளுக்குள் அதை மெல்லிய படலமாக மூடிவிடும். மனிதருக்கு இந்த இடத்தில் அடித்தோல் இழைகள் குவிந்து வடுவாகும். நியூட்டின் படலம் அப்படியில்லை. கீழே இருக்கும் திசுக்களோடு நேரடியாக ஒட்டி நின்று அவற்றை வளரத் தூண்டிக்கொண்டே இருக்கும். முழுத் தோலை இழுத்து வெட்டுவாயை மூடிவிட்டால் கால் முளைப்பதில்லை என்பது பல சோதனைகளில் உறுதியான விஷயம். ஆகவே காயத்தைத் தைக்கக் கூடாது, பசை போட்டு ஒட்டவும் கூடாது. எலும்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மட்டும் இப்பிராணிகளைப் பார்த்துப் பழகிய மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். எலும்பை ஒட்ட நறுக்கினால்தான் அந்தப் படலம் மூட இடம் கிடைக்கும்.

மனிதரிலும் இதற்குச் சிறு சாயல் உண்டு. 1974-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு குழந்தைகள் மருத்துவமனை மருத்துவர் சிந்தியா இல்லிங்வொர்த், நுனி துண்டான குழந்தை விரல்களைத் தைக்காமல் வெறும் கட்டோடு விட்டால் நகத்தோடு சேர்ந்து வளர்ந்துவிடுகின்றன என்று எழுதினார். அங்கும் தைத்து மூடாமல் விட்டதுதான் வைத்தியம்.

படலத்துக்குக் கீழே சில வாரங்களில் கூம்பாக ஒரு மொட்டு எழும். பிளாஸ்டிமா என்பார்கள். இதில் புதுத் தசை உருவாகும் விதத்தில் வயதுக்கு ஏற்ற வேறுபாடு இருப்பதை 2016-ல் ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதே செவ்வயிற்று நியூட்டில் கண்டார்கள். குஞ்சுப் பருவத்தில் தசைக்கான தண்டுச் செல்கள் வேலை செய்கின்றன. வளர்ந்த நியூட்டில், முதிர்ந்த தசைநார்களே தம் முதிர்ச்சியைக் கலைத்துக்கொண்டு மறுபடி பெருகத் தொடங்குகின்றன.

நரம்பு இல்லாவிட்டால் இத்தனையும் நின்றுபோகும். நரம்பை அறுத்தால் கால் முளைக்காது என்று 1823-லேயே ட்வீடி ஜான் டாட் காட்டிவிட்டார். ஏன் என்பதற்கு 2007-ல்தான் ஒரு விடை கிடைத்தது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் அனூப் குமாரும் ஜெரமி பிராக்ஸும் நியூட்டில் ஒரு புரதத்தை அடையாளம் கண்டார்கள். நரம்பு அறுந்த காலில் அந்தப் புரதம் கிடைக்கும்படி செய்தபோது, விரல் வரை முளைத்தது.

வளர்ப்பவர் கண்ணுக்குத் தெரியும் அழகான கட்டம் அடுத்து வருவது. மொட்டு தட்டையாகி, கண்ணாடித் துடுப்புபோல் நிற்கும். விளக்கொளியில் பார்த்தால் உள்ளே ரத்தம் ஓடுவது தெரியும். விளிம்பில் முதலில் இரண்டு முனைகள் பிரியும். மற்ற விரல்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் வரும். முன்காலுக்கு நான்கு, பின்காலுக்கு ஐந்து. புதுக் கால் சில காலம் வெளிறி, மற்ற கால்களைவிடச் சிறுத்தே இருக்கும். கறுப்பு நிறம் மெல்ல ஏறும். வளர்ந்த நியூட்டுக்கு இதற்கெல்லாம் இரண்டு மூன்று மாதம் ஆகும், குளிர்ந்த நீரில் இன்னும் தாமதமாகும். அவசரப்பட்டுத் தண்ணீரைச் சூடாக்கக் கூடாது.

இந்த நாட்களில் மண்புழுத் துண்டை இடுக்கியால் முகத்துக்கு நேரே காட்டி ஊட்டுவது நல்லது. மிச்சத்தை உடனே எடுத்துவிட வேண்டும். அது அழுகினால் அம்மோனியா ஏறும். வெட்டுவாயில் பஞ்சுபோல் வெள்ளை படர்ந்தாலும், மொட்டு கறுத்தாலும், சாப்பிட மறுத்தாலும் தாமதிக்காமல் மருத்துவர்.

எப்படியும் முளைத்துவிடும் என்று காயத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. அது தவறு. ஆக்ஸலாட்டல்களில் ஒரே காலை ஐந்து முறை வெட்டிப் பார்த்த 2017-ஆம் ஆண்டு ஆய்வில் பெரும்பாலான கால்கள் முழுதாகத் திரும்பவில்லை. கண்ணில் கதை வேறு. கோரோ எகுச்சியும் பனாகியோடிஸ் சோனிஸும் இதே ஜப்பானிய நியூட்டின் கண்வில்லையை 16 வருடங்களில் 18 முறை எடுத்தார்கள். 30 வயதைத் தொட்ட பிராணியில் வந்த கடைசி வில்லையும் இளம் வில்லைக்குக் குறைந்ததாக இல்லை. கண்ணுக்குள்ள இந்தத் தாராளத்தைக் காலுக்கும் எதிர்பார்த்துவிடக் கூடாது. இணக்கமில்லாத இரண்டை மறுபடி ஒரே தொட்டியில் விடவும் கூடாது.

இந்தியாவிலும் நியூட் உண்டு, தெற்கே இல்லை. டார்ஜிலிங், சிக்கிம் மலைக் குட்டைகளில் இமாலய நியூட் வாழ்கிறது. வனவிலங்குச் சட்டம் பாதுகாக்கும் உயிர் அது. பிடித்துவந்து வளர்ப்பது குற்றம்.

நியூட் வளர்ப்பவர்கள், எந்த நாட்டில் இருந்தாலும், இரண்டு காரியங்களைத் தவறாமல் செய்யுங்கள். தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பழைய தண்ணீரைக் குளத்திலோ ஓடையிலோ ஊற்றாதீர்கள். ஆசிய நியூட்கள் நோயில்லாமலே சுமக்கக்கூடிய ஒரு பூஞ்சை, நெதர்லாந்தின் நெருப்புச் சாலமாண்டர்களை ஏறக்குறைய துடைத்தெறிந்துவிட்டது. 2016-ல் அமெரிக்கா 201 சாலமாண்டர் இனங்களின் இறக்குமதிக்குத் தடை போட்டதும் அதற்குப் பயந்துதான். காயம்பட்டதைப் பிரித்துவைத்த டப்பாவின் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் கலந்து வைத்திருந்து, அதன் பிறகு வீட்டுக் கழிவுக் குழாயில் விடுங்கள்.