கடைசி பிட் அடித்தவர் எங்கே?
பழைய பொருள், புதுச் சந்தை – 11

அடிப்படை விலை வைப்பது எப்படி, படம் எடுப்பது எப்படி என்று போன வாரங்களில் பார்த்தாயிற்று. அதெல்லாம் சரியாகச் செய்து, ஏலமும் சூடு பிடித்து, ராத்திரி ஒன்பது மணிக்கு ஒருவர் பெயரில் முடிந்தும்விட்டது என்று வைத்துக்கொள்வோம். குரூப்பில் நாலு பேர் கைதட்டுகிற எமோஜி போட்டார்கள். எடுத்தவரும் ‘நன்றிண்ணா’ என்று ஒரு கும்பிடு போட்டார். அவ்வளவுதான். மறுநாள் பணம் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. நீங்கள் அனுப்பிய மெசேஜில் இரண்டு நீல டிக் மட்டும் விழுந்திருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். பொருள் இன்னும் உங்கள் அலமாரியில்தான் இருக்கிறது. பணம் வராமல் அதைக் கொரியரில் போடாதவரை, உங்கள் கையைவிட்டுப் போவது நாட்கள் மட்டுமே. ஆனால், அந்த நாட்களுக்கும் விலை உண்டு. இரண்டாவதாக நின்றவர் இன்று ஆசையோடு இருக்கிறார். பத்து நாள் கழித்துக் கேட்டால் வேறு எங்கோ வாங்கியிருப்பார். அதனால் வராத ஆளைவிட, இழுத்தடிக்கிற ஆள்தான் அதிக நஷ்டம் வைப்பவர். ‘முடியாது’ என்று முதல் நாளே சொல்கிறவரைத் திட்டாதீர்கள். அவர் உங்களுக்கு உபகாரம் செய்கிறார்.

இந்தத் தொல்லை புதிதல்ல. 1995-இல் தொடங்கிய ஈபேயில் ஆரம்ப வருடங்களில் பணம் தபாலில்தான் வந்தது. வாங்கியவர் செக்கோ மணி ஆர்டரோ எடுத்து உறையில் போட்டு அனுப்புவார்; அது வந்து, செக்காக இருந்தால் பாஸாகி, அதற்கப்புறம்தான் பார்சல் கிளம்பும். பேபால் வந்தபின் அந்தக் காத்திருப்பு பெருமளவு ஒழிந்தது. ஈபே அந்த நிறுவனத்தையே 2002-இல் 150 கோடி டாலர் மதிப்புக்கு வாங்கிக்கொண்டதை வைத்தே அந்தக் காத்திருப்பு எவ்வளவு பெரிய தலைவலி என்று ஊகிக்கலாம். இந்தியாவில் பாஸி டாட் காம் இருந்தது. 2004-இல் அதையும் ஈபே வாங்கியது. பைசாபே என்ற ஏற்பாட்டில் வாங்குபவர் தளத்திடம் கட்டுவார், தளம் விற்பவருக்குத் தரும். நடுவில் ஒரு ஆள் இருந்தார். 2018 ஆகஸ்ட்டில் ஈபேயின் இந்தியத் தளம் மூடப்பட்டது. நாணயம், தபால்தலை, தீப்பெட்டிப் படம், இசைத்தட்டு என்று சேகரிப்பவர்களில் பலர் இன்று ஏலம் விடுவது ஃபேஸ்புக், வாட்ஸ்அப் குரூப்புகளில்தான். அங்கே நடுவில் யாரும் கிடையாது. அட்மின் இருப்பார், பாவம், அவரும் நம்மைப் போலச் சேகரிப்பவர்தான். ஆகவே, தளம் செய்து வந்த வேலையை இனி விற்பவரே செய்ய வேண்டும்.

தாமதத்துக்குச் சொல்லும் காரணங்களில் எது நிஜம், எது சாக்கு என்று ஓரளவு பிரித்துவிடலாம். ‘இன்னிக்கு ஞாயித்துக்கிழமை சார், பேங்க் லீவு’ என்பது காலாவதியான சாக்கு. நெஃப்ட் 2019 டிசம்பர் 16 முதல் வருடம் முழுக்க, இரவு பகலாக இயங்குகிறது. யுபிஐக்கு விடுமுறை என்பதே இருந்ததில்லை. அதே சமயம், ‘புது அக்கவுன்ட்டைச் சேர்த்திருக்கேன், முழுத் தொகை போக மாட்டேங்குது’ என்பது நிஜமாக இருக்கலாம். புதிதாகச் சேர்த்த பெயருக்கு முதல் 24 மணி நேரம் பெரிய தொகை அனுப்ப விடாத வங்கிகள் உண்டு. சம்பளம் ஒன்றாம் தேதிதான் என்பதும் நிஜம். சேகரிப்பவர்களில் மாதச் சம்பளக்காரர்கள்தானே அதிகம்? இருபத்தெட்டாம் தேதி ஏலத்தை முடித்துவிட்டு ‘உடனே போடுங்க’ என்று நச்சரிப்பதைவிட, ஐந்தாம் தேதி முடிகிற மாதிரி வைப்பது புத்தி.

இன்னொரு வகை உண்டு. அவர்களிடம் பணம் இருக்கும், மனசில் சந்தேகமும் இருக்கும். எல்பி ரெக்கார்டு என்றால், படத்தில் தெரியாத கீறல் இருக்குமோ, பாட்டு ஓடும்போது ஊசி தாவுமோ என்ற யோசனை. கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு தள்ளிப்போடுவார்கள். தட்டை டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடித்து இரண்டு பக்கமும் ஒரு வீடியோ, ஊசி வைத்து அரை நிமிடம் ஓடவிட்டு இன்னொரு வீடியோ. கேட்பதற்கு முன்பே அனுப்பிப் பாருங்கள். பல ‘தாமதங்கள்’ அன்றைக்கே தீர்ந்துவிடும்.

‘இன்னும் ரெண்டு மூணு ஏலம் எடுக்கப் போறேன், சேர்த்து ஒரே பார்சலா அனுப்பிடுங்க’ என்பவரும் நியாயமான ஆள்தான், கொரியர் செலவு மிச்சம் பார்க்கிறார். பார்சலைத் தள்ளிவையுங்கள், பணத்தைத் தள்ளிவைக்காதீர்கள். ‘பொருளுக்கான தொகையை இப்போ போட்டுடுங்க சார், பத்திரமா எடுத்து வைக்கிறேன், கொரியர் காசு அப்புறம்’ என்று சொன்னால் யாரும் கோபிப்பதில்லை.

பிறகு, ஏலத்துக்கே உரிய ஒரு நோய் இருக்கிறது. 1971-இல் அட்லாண்டிக் ரிச்ஃபீல்ட் எண்ணெய் நிறுவனத்தின் மூன்று பொறியாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். மெக்ஸிகோ வளைகுடாவில் எண்ணெய் வயல்களை ஏலத்தில் எடுத்த நிறுவனங்களுக்கு எதிர்பார்த்த லாபம் ஏன் வரவில்லை என்பதுதான் கேள்வி. பொருளின் மதிப்பு யாருக்கும் சரியாகத் தெரியாதபோது, யார் அதிகமாகத் தப்புக்கணக்குப் போடுகிறாரோ அவர்தான் ஏலத்தில் ஜெயிக்கிறார் என்பது அவர்கள் கண்டது. எண்ணெய்க் கம்பெனிக்கே அந்தக் கதி. ராத்திரி 8.58-க்குப் போட்டி வெறியில் 1,450 என்று தட்டிவிட்டவருக்குக் காலையில் காபி குடிக்கும்போது ‘அதிகமாகிவிட்டதோ’ என்று தோன்றாமல் இருக்குமா? அவர் மோசடிக்காரர் அல்ல, வெட்கப்படுகிறார். வெட்கப்படுகிறவருக்கு வெளியே போக ஒரு கதவு திறந்து வையுங்கள்: ‘வேண்டாம்னா இன்னிக்கே சொல்லிடுங்க சார், அடுத்தவருக்குக் குடுத்துடறேன்.’ அந்த ஒரு வரி ஒரு வாரத்தை மிச்சம் பிடிக்கும்.

மெசேஜ் எழுதுவதிலும் விஷயம் இருக்கிறது. ‘சார், பேமென்ட்?’ என்று தினமும் ஒன்று அனுப்புவதால் பிரயோஜனம் இல்லை. அதில் தொகை இல்லை, தேதி இல்லை, அடுத்து என்ன என்பதும் இல்லை. ஏலம் முடிந்த அன்றே இப்படி ஒன்று போகட்டும்:

‘வணக்கம் சார். இன்னிக்கு உங்க பேருக்கு முடிஞ்ச எல்பி 1,450, கொரியர் 120, மொத்தம் 1,570. நாளன்னிக்கு, வியாழன் ராத்திரி 9 மணிக்குள்ள இதே நம்பருக்கு ஜிபே பண்ணிடுங்க. வந்ததும் வெள்ளிக்கிழமை கொரியர்ல போட்டு ரசீது அனுப்பறேன்.’

வியாழன் தாண்டினால் இரண்டாவதும் கடைசியுமான மெசேஜ்: ‘சனிக்கிழமை ராத்திரி 9 வரை பார்க்கிறேன் சார். வரலைன்னா ஞாயித்துக்கிழமை மறு ஏலம் போட்டுடறேன்.’ அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, மாமனார் தவறிவிட்டார் என்று பதில் வந்தால் விசாரணை நடத்தாதீர்கள். நிஜமாக இருந்தால் கேட்பது பாவம், பொய்யாக இருந்தால் கேட்பது வீண். ‘கவனிச்சுக்கோங்க சார், ஒரு தேதி மட்டும் சொல்லுங்க’ என்று அவர் வாயாலேயே ஒரு தேதியை வாங்குங்கள். அந்தத் தேதியும் தாண்டினால், அதோடு முடிந்தது.

அந்த ‘மறு ஏலம் போடுறேன்’ என்ற வரியை மரியாதைக்காக மட்டும் எழுதச் சொல்லவில்லை. நம் சரக்கு விற்பனைச் சட்டம் 1930-ஆம் ஆண்டுக்காரர். இணையத்தைக் கனவிலும் கண்டதில்லை, ஆனாலும் அதன் சில பிரிவுகள் இந்த விவகாரத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருக்கின்றன. 54-ஆம் பிரிவு சொல்வதன் சாரம் இது: பணம் வராத விற்பனையாளர், ‘மறுபடி விற்கப் போகிறேன்’ என்று வாங்கியவருக்கு அறிவித்துவிட்டு, நியாயமான அவகாசம் தந்தும் பணம் வராவிட்டால் விற்கலாம், விலை குறைந்தால் அந்த நஷ்டத்தைக் கேட்கலாம். அறிவிக்காமல் விற்றால் நஷ்டத்தைக் கேட்க முடியாது. மறு விற்பனையில் லாபம் வந்தால் அந்த லாபம் பழைய ஆளுக்குச் சேரும்! 1,450-க்குக் கைவிட்டவர், அது மறு ஏலத்தில் 2,000-க்குப் போனதைப் பார்த்துவிட்டு ‘எனக்குச் சொல்லவே இல்லையே’ என்று வந்து நின்றால் உங்கள் பதில் அந்த ஒரு வரி மெசேஜ்தான். டெலீட் செய்யாதீர்கள்.

அதே சட்டத்தின் 11-ஆம் பிரிவும் முக்கியம். ஒப்பந்தத்தில் வேறு எண்ணம் தெரிந்தாலொழிய, பணம் கட்டும் கெடு ஒப்பந்தத்தின் உயிர்நாடியான நிபந்தனையாகக் கருதப்படாது. அதாவது, ஏலப் பதிவில் நீங்கள் ஒன்றும் எழுதாமல் விட்டுவிட்டு, இரண்டே நாளில் ‘ரத்து’ என்று குதித்தால் சட்டம் உங்கள் பக்கம் நிற்காது. கெடுவை ஏலத்துக்கு முன்பே எழுத வேண்டும் என்பது இதனால்தான். சரி, 1,570 ரூபாய்க்கு யார் கோர்ட்டுக்குப் போவார்கள்? யாரும் போக மாட்டார்கள், போகவும் கூடாது. குரூப்பில் தகராறு வரும்போது நியாயம் யார் பக்கம் என்று அட்மினுக்குச் சொல்ல இது போதும்.

கெடு முடிந்தது. இப்போது இரண்டாவது ஆள். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். மூன்றாமவர் 900-லேயே நின்றுவிட்டார்; அதற்கு மேல் 1,450 வரை இவரும் காணாமல் போனவரும் மட்டுமே ஏற்றினார்கள். இப்போது நீங்கள் போய், ‘அவர் வரலை, நீங்க கேட்ட 1,400-க்கே எடுத்துக்கோங்க’ என்றால் அவர் மனசில் முதலில் என்ன தோன்றும்? ‘விலையை ஏத்திவிட ஆள் வச்சிருக்கான்.’ அந்தச் சந்தேகத்தில் தவறே இல்லை. விற்பவர் போலி ஆளை வைத்து விலை ஏற்றினால், வாங்கியவர் அந்த விற்பனையை ரத்து செய்யலாம் என்று 64-ஆம் பிரிவே சொல்கிறது. அப்படி ஏற்றுகிறவர்கள் அன்றும் இருந்ததால்தானே எழுதியிருக்கிறார்கள்?

என் கட்சி இதுதான். ஓடிப்போனவர் குரூப்பில் பல ஏலம் எடுத்துப் பணம் கட்டிய பழைய ஆள் என்றால், இரண்டாமவருக்கு 1,400-க்குத் தருவது நியாயம். நேற்று சேர்ந்து இன்று முதல் பிட் அடித்த புது நம்பர் என்றால், அவர் ஏற்றிய விலை விலையே அல்ல. நடந்ததைக் குரூப்பில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, புதிதாக ஏலம் போடுங்கள். 1,100-க்குத்தான் போகும் என்றாலும் போகட்டும். முந்நூறு ரூபாய்க்காக ஒரு நல்ல வாடிக்கையாளர் உங்களைச் சந்தேகத்தோடு பார்ப்பது பெரிய நஷ்டம்.

வெளிநாட்டுத் தமிழர்களை நம்பி ஈபேயில் போடுகிறவர்களுக்கு வேலை சுலபம். அங்கே பணம் கட்ட 4 நாள்; அதுவும் தாண்டினால் ‘பணம் கட்டவில்லை’ என்ற காரணத்தைக் காட்டி நீங்களே ரத்து செய்யலாம், விற்பனைக் கட்டணம் திரும்ப வரவாகும். பணம் கட்டாத வழக்கம் உள்ளவர்கள் உங்கள் பொருளுக்கு பிட் அடிக்கவே முடியாதபடி செட்டிங்ஸில் தடுத்தும் வைக்கலாம். ஆனால், திட்டி ஒரு வரி எழுத முடியாது: 2008 முதல் விற்பவர் வாங்குபவருக்கு மோசமான மதிப்பீடு தருவதை ஈபே நிறுத்திவிட்டது. (அங்கே விற்கும் ஆசையில் நூறு வருடம் தாண்டிய நாணயத்தைப் பார்சல் கட்டிவிடாதீர்கள். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி அதைத் தனியார் நாட்டைவிட்டு அனுப்பக் கூடாது.)

திட்டுவது என்றதும் ஞாபகம் வருகிறது. பணம் கட்டாதவரின் போட்டோ, போன் நம்பர், ஊர் எல்லாவற்றையும் போட்டு ‘இவன் ஃப்ராடு, உஷார்’ என்று பத்து குரூப்புக்கு அனுப்பும் பழக்கம் பெருகிவருகிறது. தயவுசெய்து வேண்டாம். ஆஸ்பத்திரியில் கிடந்ததால் பதில் போடாத ஆளாக அவர் இருந்தால், பாரதிய நியாய சன்ஹிதா 356-ஆம் பிரிவில் அவதூறு வழக்குக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டிவரும். அட்மினுக்குத் தனியாகச் சொல்லுங்கள், உங்கள் ஏலத்தில் அவரைத் தடுத்துவிடுங்கள். அதுவே போதுமான தண்டனை.

கடைசியாக, தாமதத்தைவிட ஆபத்தான ஒரு அவசரம். மூன்று நாள் பேசாமல் இருந்தவர் திடீரென்று ‘போட்டாச்சு’ என்று ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பி, ‘இன்னிக்கே கொரியர் போடுங்க’ என்று பறப்பார். ஸ்கிரீன்ஷாட் பணம் அல்ல. வங்கிக் கணக்கைத் திறந்து இருப்பைப் பாருங்கள். ‘பணம் வாங்க பின் நம்பர் போடுங்க’ என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். யுபிஐயில் பின் நம்பர் பணம் அனுப்பத்தான், வாங்க அல்ல.

அடுத்த ஏலத்தைப் பதிவதற்கு முன் இந்த வரிகளை உங்கள் விதிகளில் சேர்த்துவிடுங்கள்: ‘ஏலம் முடிந்த 48 மணி நேரத்துக்குள் பணம் கட்ட வேண்டும். இந்தக் கெடு கட்டாயம். முன்கூட்டிச் சொன்னால் ஒருமுறை மட்டும் அவகாசம் தரப்படும். தவறினால் விற்பனை ரத்தாகும், பொருளை மறுபடி விற்க எனக்கு உரிமை உண்டு.’ எழுதிய பிறகு, தெரிந்தவர் தெரியாதவர் பார்க்காமல் எல்லோருக்கும் அதையே கடைப்பிடியுங்கள்.

அடுத்த வாரம், ரெக்கார்டு உடையாமல் பேக் செய்வது எப்படி என்று பார்ப்போம்.

(தொடரும்)