உருவப்பட லென்சும் அண்மைப் படமும்

பயிரைத் தாக்கிய பூச்சியை இனங்காண வல்லுநருக்கு அனுப்பப்படும் படத்தில் உணர்கொம்பின் கணுக்களும் சிறகின் நரம்புகளும் தெளிவுறத் தெரியவில்லையாயின், அப்படத்தால் பயன் சிறிதே. அண்மைப் படத்திற்கெனவே அமைந்த மாக்ரோ லென்சோ விலை மிகுந்தது. 1959-இல் வெளிவந்த நிக்கான் 105 மி.மீ. லென்சு போன்ற பழைய உருவப்பட லென்சு கைவசம் உள்ள பள்ளியும் அலுவலகமும் அதனைக் கொண்டே இப்பணியை நிறைவேற்றலாம். தக்க இடைவளையத்தின் உதவியால் அது இக்கால டிஜிட்டல் காமிராவிலும் பொருந்தும்.

லென்சுக்கும் காமிராவுக்கும் இடையே கண்ணாடியற்ற வெற்றுக் குழாயொன்றைப் பொருத்துதலே வழி. லென்சை முடிவிலித் தொலைவில் நிறுத்தி, குவியத் தூரத்தில் பாதியாகிய 52.5 மி.மீ. நீளக் குழாயை இணைத்தால், 10 மி.மீ. வண்டு 5 மி.மீ. பிம்பமாகப் பதியும். அப்போது வண்டு லென்சிலிருந்து ஏறத்தாழ 30 செ.மீ. தொலைவில் இருக்கும், 50 மி.மீ. லென்சாயின் இத்தொலைவில் பாதிதான் கிட்டும். எளிதில் வெருண்டு பறக்கும் உயிர்களைப் படமெடுப்போர் இவ்விடைவெளியின் அருமையை நன்கறிவர். காமிராவின் நிழலும் பொருள்மீது விழாது.

குழாய் நீள நீள ஒளி குறையும். மேற்கண்ட அளவில் 2.25 மடங்கு ஒளி தேவை. காமிராவினுள் அமைந்த ஒளிமானி இதனைத் தானே கணக்கிடும், கையில் ஏந்தும் ஒளிமானி கணக்கிடாது.

தொலைவிலுள்ள முகத்திற்கென வகுக்கப்பட்ட லென்சாதலின், படத்தின் ஓரங்கள் மங்கக்கூடும். துவாரத்தை 8 அல்லது 11-க்குச் சுருக்கின் இக்குறை பெரிதும் நீங்கும். நடுவில் அமர்ந்த பூச்சிக்கு எஞ்சிய மங்கல் ஒரு பொருட்டன்று. தட்டையான உலர்தாவரத் தாளுக்கு ஒவ்வாது.

பழைய லென்சை வாங்குமுன் விளக்கொளிக்கு எதிரே பிடித்து நோக்குக. உள்ளே சிலந்திநூல் போன்ற இழைகள் தென்படின், அது பூசணம். எத்துணை மலிவாயினும் தவிர்க்க.