சாவதற்கென்றே வைத்திருக்கும் வீரர்கள்

பில் ஃபாஸ்டர் என்றால் மார்வெல் கொமிக்ஸ் வாசகர்களே கொஞ்சம் யோசிப்பார்கள். விஞ்ஞானி, நினைத்த நேரத்தில் பூதம்போல் வளரக்கூடியவர், 1966 இல் அறிமுகமான கறுப்பினப் பாத்திரம். 1976 இல் அவர் பெயரில் ஒரு தொடர் தொடங்கி ஐந்தாவது இதழோடு நின்றுபோனது. பிறகு முப்பது வருடம் மற்றவர்களின் கதைகளில் ஓரமாக நின்றார். 2006 இல் ‘சிவில் வோர்’ தொடரில் அயர்ன் மேனும் கப்டன் அமெரிக்காவும் மோதியபோது, தோரின் நகல் ஒன்று அவரைக் கொன்றது. உடலைச் சுருக்க முடியவில்லை. 38 பேரைப் புதைக்கும் நிலத்தை வாங்கி, இராட்சத உருவத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

சண்டை நிசமானது என்று காட்ட ஒரு பிணம் தேவைப்பட்டது, அவ்வளவுதான். அயர்ன் மேனைக் கொன்றால் மாதப் புத்தகம், பொம்மை, படம் எல்லாம் நிற்கும். ஃபாஸ்டர் செத்தால் எந்தக் கணக்கும் உதைக்காது.

போட்டி நிறுவனமான டிசியிலும் இதே கதைதான். சார்ல்ரன் என்ற சிறு பதிப்பகத்தின் நாயகர்களை 1983 இல் அது விலைக்கு வாங்கியது. அவர்களுள் ஒருவர் ‘புளூ பீட்டில்’ என்ற டெட் கோர்ட். 2005 இல் ஒரு பெருந்தொடருக்கு முன்னோட்டமாக, 80 பக்கத்தை ஒரு டொலருக்கு விற்றார்கள். அதன் முடிவில் அவர் தலையில் சுடப்பட்டுச் சாகிறார். இன்னும் மோசமானது 1988 இல் நடந்தது. பேட்மேனின் இரண்டாவது ரொபின், ஜேசன் டொட், பிழைப்பதா சாவதா என்று வாசகரிடம் கட்டணத் தொலைபேசியில் வாக்குக் கேட்டார்கள். சாகட்டும் 5,343, வாழட்டும் 5,271. பையன் செத்தான்.

பிரித்தானியாவில் கொல்லக்கூட மினக்கெடவில்லை. விற்பனை குறைந்த வார இதழை இன்னொன்றோடு இணைப்பார்கள். பழைய இதழின் பாத்திரங்களில் பாதி அதோடு காணாமல் போகும். ‘லயன்’ இதழ் 1974 இல் ‘வேலியன்ட்’டுக்குள் போனது, ‘வேலியன்ட்’ 1976 இல் ‘பற்றில்’ இதழுக்குள் போனது. தமிழ் வாசகர் கொண்டாடிய இரும்புக்கை மாயாவி, 1962 இல் அந்த ‘வேலியன்ட்’டின் முதல் இதழில் பிறந்தவர்தான். வரைந்தவர் ஸ்பானியரான ஹெசூஸ் பிளாஸ்கோ. 1972 இல் சிவகாசி முத்து காமிக்ஸ் தன் முதல் புத்தகத்தை மாயாவியை வைத்தே தொடங்கியது. பிறந்த ஊரில் மறக்கப்பட்ட பிறகும் தமிழில் அவர் நட்சத்திரமாகவே இருந்தார். பிரித்தானியர் அவரைத் தொகுப்பாகத் திரும்ப அச்சிட்டது பல வருடம் கழித்துத்தான்.

மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களில் சின்ன வீரர்களை நடத்தும் வழக்கம் வேறு. இங்குள்ள வடமோடிக் கூத்துகளில் ஒன்று ‘பப்பிரவாகன் நாடகம்’. பப்பிரவாகன் அர்ச்சுனனுக்கும் சித்திராங்கதைக்கும் பிறந்தவன், மகாபாரதத்தில் அசுவமேத யாகக் குதிரையோடு வந்து போகும் ஒரு கிளைப் பாத்திரம். பாரதம் படித்தவர்களிலும் பலருக்கு அவன் பெயர் சட்டென்று நினைவுக்கு வராது. கூத்திலோ விடிய விடியக் களரி அவனுக்குத்தான். கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் மத்தளம் தட்ட, தனக்கென்ற வரவுத் தாளத்தோடு வருகிறான்; தகப்பனோடு பொருதி அவனையே வீழ்த்துகிறான். காண்டீபம் ஏந்திய அர்ச்சுனன் விழுவதால் எவருக்கும் நட்டமில்லை. நாககன்னி உலூபியின் மணி அவனை எழுப்பிவிடும். அடுத்த வருடம் வேறு கூத்தில் மறுபடி வில்லோடு வருவான்.

கூத்தைப் பெரிதாகப் புனிதப்படுத்தவும் வேண்டாம். வேடங்களைப் பகிர்ந்து கொடுக்கும் ‘சட்டம் கொடுக்கும்’ நாளில் ராசா வேடம் கிடைக்காதவரின் முகம் எப்படியிருக்கும் என்று ஊரில் கேட்டுப் பாருங்கள். ஆனால் சின்ன வீரனுக்காகப் பெரிய வீரன் விழலாம் என்ற துணிவு அதற்கு உண்டு. அர்ச்சுனனின் உரிமம் ஒரு நிறுவனத்தின் பெட்டிக்குள் இல்லாததால் வந்த துணிவு அது. அமெரிக்கப் பதிப்பாளருக்கு அப்படி ஒரு கதையை நினைத்துப் பார்ப்பதே கடினம்.

உதாரணத்துக்கு, நியூ ஜேர்சியில் வாழும் பாகிஸ்தான் குடும்பத்துப் பிள்ளையான மார்வெல் நாயகி கமலா கானை எடுத்துக்கொள்வோம். அவரது முதல் தொகுப்பு 2015 இல் ஹியூகோ விருது பெற்றது. 2023 மே மாதம் மார்வெல் அவரைக் கொன்றது, அதுவும் அவருடைய புத்தகத்தில் அல்ல, ஸ்பைடர் மேன் இதழில். யூலையில் உயிர்ப்பித்து எக்ஸ்-மென் கூட்டத்தில் சேர்த்தது. நவம்பரில் அவர் வரும் திரைப்படம் வெளியாக இருந்தது. ஒரு பெண்பிள்ளையின் சாவை விளம்பரத் துண்டாக்கிய இந்த வேலை, பில் ஃபாஸ்டருக்குச் செய்ததைவிட மலிவானது.